இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில்

முட்டாள்கள் பலரை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் தன் கல்யாணத்துக்குத் தானே தடை தேடி அலைந்த மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தேன். உள்ளூர்ப் பள்ளி டீச்சர் ஒருத்தியோடு கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் பெயர்களை வாசித்து, "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவும்" என்பார்கள். முதல் ஓலைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன். இரண்டாம் ஓலையில் கை மீசையிலிருந்து இறங்கிவிட்டது. தடை தெரிந்த ஒரே ஆள் நான்தான்!

சின்ன வயதில் எனக்குப் பெரியம்மை கண்டபோது, பிழைத்தால் என்னைக் குருமடத்தில் படிக்கவைத்துச் சாமியாராக்குவதாக அம்மா நேர்ந்திருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வேறு யாருக்கும் இது தெரியாது.

ஓலை வாசித்த பங்குச் சாமியிடமே போய்ச் சொல்ல வெட்கம். குற்றாலத்திலோ சீசன், வெளியூர்ச் சாமியார்கள் குளிக்க வந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவரிடம் கேட்டுவிடலாமென்று சைக்கிளை மிதித்தேன்.

பேரருவிப் பக்கம் தலை துவட்டிக்கொண்டிருந்த வயதான சாமியைப் பிடித்தேன். அம்மாவின் நேர்ச்சையைச் சொல்லி, எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை என்றேன்.

"அம்மா நேந்தா மகன் கட்டுப்படணுமாடே? போயி கல்யாணத்த முடி."

அன்று ஒருநாள் நிம்மதி. மறுநாள் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குச் சாதகமாகச் சொல்லி, சாதகமாகப் பதில் வாங்கி வந்துவிட்டேனோ? ஐந்தருவிக்குப் போய் ஓர் இளம் சாமியைப் பிடித்தேன். பூசை நேரத்தில் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது, கடவுள் கூப்பிடுகிறாரோ என்றேன். நற்கருணை நன்மை வாங்க வெறும் வயிற்றோடு நிற்பதால் அது பசியாகவும் இருக்கலாம் என்பதைச் சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணைப் பற்றி மூச்சே விடவில்லை.

"அப்படின்னா குருமடத்துக்கு எழுதிப் போடுங்க தம்பி" என்றார் அவர்.

இப்போது நான் மாப்பிள்ளையா, சாமியாரா? சாரலில் நனைந்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். தூக்கமில்லை.

சனிக்கிழமை, வயதான சாமியை மறுபடி கேட்போம் என்று அவர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போனேன். ஒரே மேசையில் அவரும் ஐந்தருவி இளம் சாமியும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

"வாடே மாப்பிள்ளை!" என்றார் பெரியவர்.

"யாரு மாப்பிள்ளை? இவரு குருமடத்துக்குல்லா போறாரு?" என்றார் இளையவர்.

"கல்யாணத்த முடின்னு நாந்தானய்யா சொல்லி அனுப்புனேன்!"

"இவருக்கு அழைத்தல் இருக்கு சாமி!"

என் ஆன்மாவுக்காக இரண்டு சாமியார்கள் சட்னி ஆறச் சண்டை போட்டார்கள். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். பெரியவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, எங்க ரெண்டு பேருட்டயும் ஒரே கதையத்தான் சொன்னியா?"

பிறகென்ன, நேர்ச்சை, பெண், பசி எல்லாவற்றையும் முதன்முறையாக ஒன்றாகக் கொட்டினேன். பசியைச் சொன்னதும் இளையவர் சிரித்துவிட்டார். அப்புறம் கேட்டார்: "இதெல்லாம் அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"அவட்டப் போயி சொல்லு. முழுசாச் சொல்லு" என்றார் பெரியவர். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

நம்பத்தகுந்த வழிகாட்டி கிடைப்பதில்லை என்று யாராவது சலித்துக்கொண்டால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர்கள் இருவருமே நம்பத்தகுந்தவர்கள். நம்பமுடியாத ஆள் அங்கே ஒருவன்தான் இருந்தான். அவன்தான் கேள்வி கேட்டவன்.

மூன்றாம் ஓலையை மறுநாள் வாசித்தார்கள் என்பது வேறு விஷயம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே அவள் வீட்டு முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, இப்போது நான் என்ன செய்ய என்று கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

"அப்ப கேக்க வந்ததுல நான் மூணாவது ஆளா?"