எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு

லாரி சாமான்களில் மூன்று ரகம் உண்டு என்பது எனக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே தெரியும். அப்பா உத்திரமேரூரில் ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். சோற்றுத் தட்டுக்கு முன்னால்கூட அந்தப் பாடம் நடக்கும். "கம்பெனி சாமான் சக்கரத்துக்கு. டூப்ளிகேட் எப்டியாவது வூடு வந்து சேர்றதுக்கு. பழசு எடைக்குப் போட்றதுக்கு" என்பார். நானும் தலையாட்டுவேன்.

அந்த வருஷம் முன்சக்கரத்துக்குக் கம்பெனி பேரிங் ஒன்று வாங்கி வந்திருந்தார். சக்கரத்தை அச்சில் உருளவிடும் அந்த இரும்பு வளையம் கெட்டால், ஓடுகிற லாரியில் சக்கரமே கழன்றுபோகும். ஆனாலும் ஆயுத பூஜையில் படைக்காமல் புது இரும்பை மாட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் அது பெட்டியோடு சாமி அலமாரியில் காத்திருந்தது. பக்கத்திலேயே இன்னொரு பேரிங் துணியில் சுற்றிக் கிடந்தது. எவனோ பழசுக்குப் பாலிஷ் போட்டு, புதுசென்று அப்பாவின் தலையில் கட்டியது. பூஜை முடிந்ததும் எடைக்குப் போக வேண்டியது.

பூஜைக்குச் சாமான்களைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. எட்டு வயசுப் பெண்ணுக்கு அது பெரிய பதவி. பெட்டியைத் திறந்தால், கம்பெனி பேரிங் எண்ணெய்க் காகிதத்துக்குள் பிசுபிசுவென்று மங்கலாக இருந்தது. துணிக்குள் இருந்ததோ முகம் பார்க்கலாம் போல மின்னியது. அப்பாவுக்கு இவ்வளவுதானா விவரம் என்று வருத்தமாகிவிட்டது எனக்கு. மின்னுவதைப் பெட்டியிலும் மங்கலைத் துணியிலுமாக மாற்றி வைத்தேன். ஓரவஞ்சனை கூடாதென்று இரண்டின் மேலும் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. அப்பா மாலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், வண்டி ஓட்டும் சித்தப்பா பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததற்குக் கிரீஸை அப்பிச் சக்கரத்தில் மாட்டிவிட்டார். கிரீஸுக்குள் போய்விட்டால் எல்லா பேரிங்கும் ஒன்றுதான். அப்பா வந்து, கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சித்தப்பா வண்டியை எடுத்தார். பழங்கள் நசுங்கின. இனி நிற்காமல் தென்னேரிக்குப் போய் லோடு ஏற்ற வேண்டும். பழம் நசுக்கின வண்டியை மறித்தால் வருஷம் முழுக்க ஆகாது என்பார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் அம்மாவின் காதில் என் சாமர்த்தியத்தைச் சொன்னேன்.

"இன்னாடி பண்ண?" என்றாள். அதற்குமேல் நிற்கவில்லை. ஓடிப்போய் லாரியின் முன்னால் நின்றாள். சித்தப்பா ஹாரன் அடித்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமே, பைத்தியமா? பழம் நசுக்கின வண்டிய மறிச்சிக்கினு!" அப்பா கத்தினார்.

"முன் சக்கரத்தைக் கயட்டுங்க. பெட்டியில இருந்தது எடைக்குப் போட்றது. அலமாரி தொடைக்கசொல்ல நான்தான் மாத்தி வச்சிட்டேன்" என்றாள் அம்மா.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "ஒரு நடை போய்ட்டு வந்து கயட்டிக்கலாம் அண்ணி. சகுனம் கெட்டுப்பூடும்."

"பூடட்டும். ஓட்டிக்கினு போறது நீ. நீ இல்லாம நான் சகுனத்த வச்சிக்கினு இன்னா பண்றது?"

தெருவே கூடிவிட்டது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை. அப்பா பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காதருகே வைத்துச் சுழற்றினார். சோற்றில் கல் கடிபட்டது போலச் சத்தம் வந்தது. துணியைப் பிரித்து மங்கலானதை மாட்டினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யோசித்து மாற்றி வைத்தது நான். ஊரறிய 'நான்தான்' என்று பேரைத் தட்டிக்கொண்டு போனது அவள். அன்று அவள் நீட்டிய பொரிகடலையைக்கூட வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் அந்த வருஷம் முழுக்க டயர் பஞ்சரானாலும், மழையில் நெல் நனைந்தாலும் அம்மாவுக்குத்தான் பேச்சு. இரும்புக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாதவள், கிளம்பின வண்டியை மறித்தவள் என்று அப்பா சொன்னார், வந்த சொந்தமெல்லாம் சொன்னார்கள். அவள் ஒருமுறைகூட என் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. 'நல்லா வேணும்' என்று நான் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் வாங்கிக்கொண்டிருந்தது என் பங்குத் திட்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.