மச்சாளுக்கு நான் சொன்ன "பாப்பம்"

1. கல்யாணம் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்கில் உள்ள பிராண்டேக்கு வந்தேன்.
2. மொழிப் பாடசாலையில் கடைசிப் பரீட்சை வரை எழுதி முடித்தேன்.
3. மின்பொறியியல் பட்டத்தை வைத்து முப்பத்தொரு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன்.
4. இருபது இடங்கள் வருந்தி மின்னஞ்சல் அனுப்பின. மற்றவை வருந்தவும் இல்லை.
5. ஒரு சனிக்கிழமை மச்சாள் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அடிச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஆரை?" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் மேசையில் சிந்தியது. மச்சாள் என் கணவரின் தங்கை. டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இரண்டு வயது இளையவள். நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். ஊருக்கு வெளியே ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் விடிகாலை வேலை அவளுக்கு. எத்தனை முறை கைகழுவினாலும் வெண்ணெய் மணம் போகாது. "போன் அடிச்சனீங்களோ எண்டு கேட்டனான்," என்று சொல்லி, விளம்பரத்தின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். கேள்விகள் இருந்தால் தாராளமாக அழைக்கலாம் என்று அங்கே ஒரு பெயரும் இலக்கமும் இருந்தன.

எல்லா விளம்பரங்களிலும் அந்த வரியை வாசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் விடைபெறும்போது, "ஒருநாளைக்குக் கட்டாயம் வீட்டை வாங்கோ" என்பார்கள். அதை நம்பி யாரும் அடுத்த நாளே போய் நிற்பதில்லை. இதுவும் அப்படியொரு மரியாதைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். "மச்சாள், இவங்கள் மரியாதைக்கு ஒண்டும் எழுத மாட்டாங்கள்," என்றாள் அவள். "அடி எண்டால் அடிக்கவேணும். அடிக்காத ஆளை இவங்களுக்கு ஞாபகமே இராது."

வீட்டில் மாமியார் காதுகொடுப்பார் என்பதால், திங்கட்கிழமை அவளுடைய வேலை முடிந்ததும் காரிலிருந்து அழைத்தோம். தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில் கண்ணாடிகள் எல்லாம் எங்கள் மூச்சுப்பட்டு மங்கியிருந்தன. மூன்று கேள்விகளை எழுதி மடியில் வைத்திருந்தேன். காற்றாலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவின் பொறுப்பாளர் பேசினார். இரண்டாவது கேள்வியில் நான் சொல் தடுமாறியபோது, மச்சாள் இடப்பக்கத்திலிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். மூன்றாவது கேள்விக்கு அவர் பத்து நிமிடம் விளக்கம் சொன்னார். பிறகு, வியாழக்கிழமை ஒரு கோப்பி குடிக்க வாருங்கள் என்றார்.

"கோப்பிக்கு வரச்சொல்லியிருக்கிறார். வெறுங்கையோடை போறதோ? ரோல்ஸ் சுடட்டோ?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்கோ போறீங்கள்? பேசாமல் இருங்கோ."

அந்த வேலைதான் எனக்குக் கிடைத்தது. வாகனம் ஓட்டத் தெரியாமல் இந்த ஊரில் வேலைக்குப் போக முடியாது. முதல் ஏழு மாதங்கள், பேருந்தில் வேலைக்குப் போகும் தன் அண்ணனிடம், அதாவது என் கணவரிடம், காரைக் கொடுக்காமல், வேலை நாட்களில் தன் வேலை முடிந்த கையோடும் ஓய்வு நாட்களில் எழுந்து வந்தும் அவளே என்னைக் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் வேலையைப் பற்றித்தான் கதை. அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது, பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டுக்கொண்டே வருவாள். பள்ளியில் கணிதம் நன்றாக வந்தது என்றும், எல்லாரும் அவசரமாக உழைக்க வேண்டியிருந்த காலத்தில் படிப்பு நின்றுபோனது என்றும் ஒருநாள் சொன்னாள்.

ஆறாவது மாதத்தில் எங்கள் பிரிவில் வளர்ந்தவர்களுக்கான ஒரு தொழிற்பயிற்சி இடம் திறந்தது. சம்பளத்தோடு படித்துத் தொழில்நுட்பவியலாளராக வெளியேறலாம். விளம்பரத்தை நான்தான் அவளுக்கு அனுப்பினேன். அன்று மாலை காரில் வரும்போது, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "நான் விண்ணப்பம் போடட்டோ, மச்சாள்? உங்கடை பேரைச் சொல்லலாமோ?"

"பாப்பம்," என்றேன்.

எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு யாரும் உடனே ஓம் சொல்வதில்லை. சொன்னால் கண்படும், அல்லது பெருமையாகத் தெரியும். நான் கேட்ட சைக்கிளுக்கு அப்பா பாப்பம் என்று சொன்னபோது, அது ஏற்கெனவே கடையில் எனக்கென்று எடுத்துவைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகப் பொறுப்பாளரிடம் போய் அவளைப் பற்றிச் சொன்னேன். அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். நான் அவளுடைய விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தேன். கடைசி நாளும் போனது. "உங்கள் உறவினர் எழுதவில்லையே," என்று அவர் கேட்டபோதுதான் அவள் விண்ணப்பிக்கவே இல்லை என்பது எனக்கு விளங்கியது.

"நீர் ஏன் போடேல்லை?"

"நீங்கள்தானே பாப்பம் எண்டனீங்கள்."

"அது ஓம் எண்டுதானே அர்த்தம்!"

"மச்சாள், எங்கடை அம்மா பாப்பம் எண்டு சொன்ன ஒண்டும் ஒருநாளும் நடக்கேல்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவும் பாப்பம், நீச்சலும் பாப்பம். ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். ரெண்டு எழுத்துத்தானே."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று டேனிஷில் சொன்னாள். மனம் நொந்தால் அவள் அந்த மொழிக்குப் போய்விடுவாள். அங்கே அவளைத் தேடிப்போகும் அளவுக்கு என் டேனிஷ் இன்னும் வளரவில்லை.

எந்தப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குக் காட்டியவள் அவள். வேலைத்தலத்தில் இப்போது ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை என்றுதான் பேசுகிறேன். வீட்டு ஆளோடு கதைப்பதால் வீட்டுப் பேச்சுப் போதும் என்று அன்று நினைத்துவிட்டேன். அவள் வளர்ந்த வீடு வேறு என்பதை யோசிக்கவில்லை. சில நாட்களில், ஒரு கடினமான அழைப்பைப் பேசி முடித்ததும் என்னை அறியாமல் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே சுவர்தான் இருக்கிறது. மங்கிய கண்ணாடிகளுக்குள் இருவரும் மட்டும் இருந்த அந்தக் காரும், வெண்ணெய் மணமும், ஓயாத கேள்விகளும் எனக்கு வேண்டும் போலிருக்கிறது.

இப்போதைய நிலை இது. எனக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது. தனியாகத்தான் வேலைக்குப் போகிறேன். மச்சாள் ஓகூஸ் நகரத்துக்கு மாறிப்போய் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறாள். பிறந்தநாட்களுக்கு வருகிறாள், சிரித்துக் கதைக்கிறாள், என் வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அந்தப் பயிற்சி இடத்தில் வேறொரு பெண் இருக்கிறாள். நன்றாகச் செய்கிறாள்.