ஊமைக்கோட்டானுக்குக் கிடைத்த சீட்டு

என் கொழுந்தன் மகளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவள் நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கு ஆனது. வீட்டில் நான் வைத்ததே நிலைத்தது. மூன்று வயது வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அவளைவிட எட்டு மாதம் மூத்தவன் என் மகன். அவன் அந்த வயதில் வாசலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கதை பேசுவான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று நான் அடிக்கடி சொல்வேன், என் ஓரகத்தி காதில் விழுகிற மாதிரி. அவள் தையல் மெஷினைவிட்டுத் தலையைத் தூக்கமாட்டாள். மகளுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். கீழே முன்னறை எங்கள் இருவருக்கும் பொதுவான தையலறை. பள்ளிச் சீருடைகள்தான் பெரும்பாலும். நான் வெட்டுவேன், ஓரகத்தி தைப்பாள். தையல் தப்பினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், வெட்டு தப்பினால் துணி குப்பைக்குத்தான். அதனால் இந்த அறையில் யார் கை உசத்தி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

துணியை மேசையில் விரித்து அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். என் மகனைக் கூப்பிட்டால் அவன் தெருக்கோடியில் இருப்பான். ஊமைக்கோட்டான்தான் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பிடிப்பாள். ஒரு நாள் திடீரென்று, "பெரியம்மா, டேப்பு தொங்குது" என்றாள். அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். ஓரகத்தி மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பேச ஆரம்பித்ததும் முதல் வேலையாக என்னிடமே குற்றம் கண்டுபிடித்தாளே என்று உள்ளே சுருக்கென்றது. டேப் என்னவோ தொங்கத்தான் செய்தது.

பள்ளியில் அவள் முதல் மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் இருப்பாள். என் மகன் நடுவில் எங்காவது இருப்பான். மார்க் ஷீட் வருகிற நாளெல்லாம் எனக்கு வயிறு எரியும். "புத்தகப் புழு. வெளியுலகத்துல நாலு பேர்கிட்ட பேசத் தெரியணும்" என்று சொல்லிச் சமாளிப்பேன். அந்த அளவுக்குப் படித்தும் காலேஜ் என்று வந்தபோது இரண்டும் ஒரே காலேஜில்தான் சேர்ந்தன. பக்கத்திலேயே இருக்கிற சின்னக் காலேஜ், கட்டடப் பொறியியல். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். பார்த்தாயா, முந்தி ஓடியவளும் பிந்தி நடந்தவனும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள்!

அந்த நிம்மதி ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மா மதில்மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்: "என்ன, உங்க வீட்டுப் பொண்ணு பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறப் போகுதாமே?"

எனக்குக் கையில் இருந்த கத்தரிக்கோல் நழுவிவிட்டது. பெரிய யுனிவர்சிட்டி என்றால் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷ முடிவிலும் காலியாகிற சீட்டுக்கு, சின்னக் காலேஜ்களிலிருந்து தேர்வு வைத்து எடுப்பார்களாம். அங்கே கடைசி வருஷம் படிக்கும்போதே கம்பெனிக்காரர்கள் வரிசையில் நின்று பிள்ளைகளை வேலைக்குக் கொத்திக்கொண்டு போவார்கள். எங்கள் காலேஜுக்கு போன வருஷம் வந்தது ஒரே ஒரு காண்டிராக்டர். அவரும் சிமெண்டு மூட்டைக்குக் காவல் இருக்க ஆள் கேட்டு வந்தவர்.

மாடிப்படி ஏறும்போதே கத்தினேன். "ஏண்டி, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இதைக்கூடச் சொல்லக் கூடாதா? நான் என்ன கண்ணா வெச்சிடுவேன்?"

ஊமைக்கோட்டான் விழித்தாள். "அண்ணன்கிட்ட சொன்னேன் பெரியம்மா. அண்ணன்தான் எனக்கு வேணாம்னான்."

"அவனுக்கு வேணுமா வேணாமான்னு நான் சொல்றேன்" என்றேன். அன்று சாயங்காலமே அவனையும் விண்ணப்பிக்க வைத்தேன். அத்தோடு விடவில்லை. கடைக்குப் போய் நல்ல நீல நிறத்தில் இரண்டு சட்டைக்குத் துணி எடுத்து வந்து அலமாரியில் வைத்தேன், பெரிய யுனிவர்சிட்டிக்கு அவன் போட்டுக்கொண்டு போக.

எழுத்துத் தேர்வில் நூற்றுக்கணக்கான பேரை வடிகட்டிக் கடைசியில் நான்கு பேரை நிறுத்தினார்கள். நான்கில் இரண்டு எங்கள் வீடு! சும்மா சொல்லக்கூடாது, அவன் மனது வைத்தால் படிப்பான். சீட்டு மட்டும் ஒன்றே ஒன்று. மைதானத்தில் வைக்கிற அளவைத் தேர்வுதான் அதை முடிவு செய்யும்.

அது என்ன தேர்வு என்று மகனை உட்கார வைத்துக் கேட்டேன்.

"ஒரு கல்லுல ஆரம்பிக்கணும்மா. மைதானத்தைச் சுத்தி மேடு பள்ளத்தையெல்லாம் அளந்துக்கிட்டே போய், திரும்ப அதே கல்லுக்கு வந்து முடிக்கணும். ஒருத்தர் கோலை நட்டுப் பிடிக்கணும், இன்னொருத்தர் கருவி வழியா பாத்து கோல்ல இருக்கிற எண்ணைப் படிச்சு எழுதணும். கடைசியில கணக்குப் போட்டா, ஆரம்பிச்ச உயரமே வரணும்."

"வரலைன்னா?"

"கொஞ்சம் பிசகு வரத்தாம்மா செய்யும்."

"ஏன் வரணும்? நான் இத்தனை வருஷமா வெட்டுறேன், எதுலயாவது பிசகு வந்திருக்கா? ஒரு நூல் பிசகக் கூடாது. அவளுக்கு வரட்டும், உனக்கு வரக் கூடாது. புரியுதா?"

அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் படிக்க மொட்டைமாடிக்குப் போகும்போதும் சொன்னேன், சாப்பிடும்போதும் சொன்னேன், "ஒரு நூல் பிசகக் கூடாது." ஓரகத்தி ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "அக்கா, நாமளே தையலுக்குன்னு கொஞ்சம் துணி கூட விட்டுத்தானே வெட்டுறோம்" என்றாள். "நீ தைக்கிற வேலையைப் பாரு" என்றேன்.

கோல் பிடிக்கிற ஆளை அவரவரே கூட்டிவர வேண்டும் என்பது அங்கே விதி. அவனுக்கு அவள், அவளுக்கு அவன் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். நானும் ஓரகத்தியும் கூடப் போனோம். ஆரம்பக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கட்டடங்களையும், கண்ணாடிக் கதவுகளையும், பெரிய பெரிய பைகளோடு போகிற பிள்ளைகளையும் பார்க்கப் பார்க்க, இதெல்லாம் ஊமைக்கோட்டானுக்கா என்று நெஞ்சு பொருமியது.

மற்ற இரண்டு பேரும் காலையிலேயே முடித்துவிட்டு முகம் தொங்கப் போய்விட்டார்கள். அடுத்து என் மகன். ஊமைக்கோட்டான் தன்னைப்போல் இரண்டு மடங்கு உயரமான கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மைதானமெல்லாம் நடந்தாள். அவன் ஒற்றைக் கண்ணை மூடிக் கருவிக்குள் பார்ப்பான், எழுதுவான், நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். நான் விரலைத் தூக்கிக் காட்டுவேன்: ஒரு நூல்! சுற்றி முடித்துக் கல்லுக்குத் திரும்பினார்கள். நரைத்த தாடிப் பேராசிரியர் அவனிடம் வந்தார்.

"எவ்வளவு பிசகு?"

"பிசகே இல்லை சார்."

நான் ஓரகத்தியை முழங்கையால் இடித்தேன். இடித்த கை இன்னும் இறங்கவில்லை, பேராசிரியர் குனிந்து கருவிக்குள் பார்த்தார். "கோலைக் கல்லுமேல இன்னொரு தடவை வைம்மா" என்றார். அவள் வைத்தாள்.

"நீ எழுதியிருக்கிறதைவிட ஆறு மில்லி கூட இருக்கே, தம்பி?"

வாயுள்ள பிள்ளை, அன்றைக்கு வாயடைத்து நின்றான். ஊமைக்கோட்டான்தான் பேசினாள். "சார், மொதல்ல நான் கோலைச் சாச்சுப் பிடிச்சிட்டேன் சார். தப்பு என்னோடது."

"சாஞ்சா எண் கூடும்மா. நேரா நிக்கிற கோல்லதான் ஆகக் குறைச்சலா வரும். இவர் எழுதினது அதைவிடவும் குறைச்சல். அப்படி எப்படிச் சாய்ப்பே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்குப் பொய் சொல்ல வரலை. போய் உன் அளவை ஆரம்பி" என்றார் அவர்.

இந்தக் கூடக் குறைச்சல் சமாசாரமெல்லாம் என் காதில் ஏறவில்லை. 'தப்பு என்னோடது' என்றாளே, அது மட்டும் ஏறியது. அடிப்பாவி! என் பிள்ளையின் வாழ்க்கையைச் சாய்த்துவிட்டாயே!

இப்போது அவள் முறை. என் மகன் கோலைத் தூக்கினான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நீயும் கொஞ்சம் சாய்த்துப் பிடிடா என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? முளைத்த மரம்போல அசையாமல் பிடித்தான். அவள் கையைத் தூக்கிக் காட்டினால் கோலை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினான். அப்படி ஆட்டும்போது தெரிகிற எண்களில் ஆகக் குறைந்ததை அவள் எழுதிக்கொண்டாள். வியர்வை கண்ணில் வழிந்தும் துடைக்காமல் நின்றான். எனக்கு எரிந்த எரிச்சலில் பெஞ்சே பற்றிக்கொண்டிருக்கும்.

"எவ்வளவு பிசகு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"நாலு மில்லி வருது சார்" என்றாள், ஏதோ பாத்திரத்தை உடைத்துவிட்டவள்போல.

"இந்த மைதானத்துல நாலு மில்லின்னா நல்ல வேலை" என்றார்.

சீட்டு அவளுக்கு. நான்கு மில்லி பிசகினவளுக்குச் சீட்டு, பிசகாதவனுக்கு ஒன்றுமில்லை! இது என்ன நியாயம் என்று நான் கேட்காத ஆளில்லை. துணி கொடுக்க வந்தவர்களிடம், வாங்க வந்தவர்களிடம், டீச்சரம்மாவிடம். "கோலைச் சாச்சுப் பிடிச்சேன்னு அவளே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டா. அண்ணனைக் கவுத்துட்டுப் போறா மகராசி." ஊமைக்கோட்டான் அந்த வழியாகவே மாடிக்கு ஏறி இறங்குவாள். ஒரு வார்த்தை பதில் கிடையாது. ஓரகத்தி மெஷினை மட்டும் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள். என்னோடு இரண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

அவள் கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. ஓரகத்தி தயங்கித் தயங்கி, "அக்கா, பாப்பாவுக்கு ரெடிமேட் சட்டை எடுத்துடலாம்னு..." என்று இழுத்தாள்.

"ஏன், என் கத்தரிக்கு என்ன வியாதி? இந்த வீட்டுப் பொண்ணு கடைச்சட்டை போட்டுக்கிட்டு அங்க போனா என் மானம் என்னத்துக்கு ஆகுறது? கூப்பிடு அவளை."

வந்து நின்றாள். தோளில் டேப்பை வைத்தேன். என் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து சீருடைகளுக்குப் பித்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சும்மா அளந்துவிட்டுப் போயிருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்குமா? "நேரா நில்லுடி. இங்கயும் சாஞ்சு நின்னு அளவைக் கெடுத்துடாதே. அன்னைக்கு நீ ஒழுங்கா நின்னிருந்தா இந்த அளவை நான் என் பிள்ளைக்கு எடுத்துக்கிட்டிருப்பேன்."

பித்தான் டப்பா கீழே விழுந்து சிதறியது.

"போதும்மா" என்றான் என் மகன். "அவ கோலைச் சாய்க்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"அவளே சொன்னாளேடா!"

"அண்ணா, சும்மா இரு" என்றாள் ஊமைக்கோட்டான், அவசரமாக.

"அவ கடைசியா கோலைக் கல்லுமேல வைக்கிறதுக்கு முன்னாடியே நான் எழுதிட்டேம்மா. எந்த எண் வந்தா பிசகே இல்லாம முடியும்னு கணக்குப் போட்டுப் பாத்து, அதை எழுதிட்டேன். கருவிக்குள்ள நான் பாக்கவே இல்லை. ஒழுங்கா படிச்சிருந்தா எனக்கும் ஆறு மில்லிதான் வந்திருக்கும். அதுவும் நல்ல வேலைதான்னு அந்த சாரே அப்புறம் சொன்னாரு."

"அப்ப ஏண்டா அப்படி எழுதின?"

"நீ பெஞ்சுல உக்காந்து விரலைக் காட்டிக்கிட்டே இருந்தியேம்மா."

தையல் மெஷின் நின்றுவிட்டது. ஓரகத்தி என்னைப் பார்க்கவில்லை, ஊசியில் நூலைக் கோக்கிறவள்போல குனிந்துகொண்டாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

டேப் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊமைக்கோட்டான் அதை இழுத்துப் பிடித்து, தோளில் சரியான இடத்தில் தானே வைத்துக்கொண்டு நேராக நின்றாள். இத்தனை நாள் தெருவே அவளைப் பேசியது. 'நான் சாய்க்கவில்லை' என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் என் வாய் அன்றைக்கே அடைத்திருக்கும். சொல்லவில்லை. சீட்டைவிட இதுதான் என்னை அதிகம் எரிக்கிறது, இன்றைக்கும் எரிக்கிறது. அப்படி ஒரு வாய் எனக்கு இல்லை, என் பிள்ளைக்கும் நான் கொடுக்கவில்லை. அளந்த எண்ணை மறந்துவிட்டேன், இரண்டு தடவை அளந்தேன்.

பக்கத் தையலுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே துணி விட்டு வெட்டினேன். விடுதிச் சாப்பாட்டில் உடம்பு போடுமோ, இளைக்குமோ, யார் கண்டது? நான் வெட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனாள். பஸ் ஏறும்போது, "அடுத்த வருஷமும் சீட்டு காலியாகுமாம் பெரியம்மா. அண்ணனுக்குக் கோல் பிடிக்க நான் வந்துடுறேன்" என்றாள். அவள் என்னிடம் ஒரேயடியாக இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

நீலத் துணி அலமாரியில் அப்படியே இருக்கிறது. என் மகன் தினமும் மொட்டைமாடியில் உட்கார்ந்து படிக்கிறான், இந்தத் தடவை அவனாகவே. தேர்வுக்கு ஓரகத்தி அவன்கூடப் போவாள். நான் வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.