நாளைய மழைக்கு நான் போட்ட சிவப்பு வட்டம்

பேய், சகுனம், முன்கூட்டித் தெரிவது இதெல்லாம் எனக்கு ஆகாது. சொன்னவர்களை முகத்துக்கு நேரே கிண்டல் செய்திருக்கிறேன். இன்று என் முறை, நீங்களும் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுவார்கள். அதை வைத்துத்தான் எங்கே மண் சரியும் என்று கணிக்கிறார்கள். அந்த நோட்டுகளை நம்பலாமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கையில் சிவப்புப் பேனா, மனதில் எல்லோரும் புளுகர்கள் என்ற எண்ணம், இப்படித்தான் மலையேறுவேன்.

இது நடந்த எஸ்டேட்டில் அளப்பவர் வாட்சர் முருகையா. ஞாயிறு அவருக்கு லீவு என்பதால் அன்றைக்கு ஒரு முட்டை போட்டுவிட்டு, இரண்டு நாள் மழையையும் சேர்த்துத் திங்கட்கிழமை எழுதிவிடுவார். நான் போனது ஒரு சனிக்கிழமை மதியம். பழைய பக்கங்களில் ஞாயிறுதோறும் முட்டை. ஆனால் மறுநாளுக்கான வரியில், இன்னும் வராத அந்த ஞாயிற்றுக்கு, 186.4 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது.

வராத மழைக்குப் புள்ளி வைத்துக் கணக்கா என்று எனக்கு வந்த கோபத்தில் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் 'நம்பத்தகாதது' என்று எழுதி, தேதியோடு கையெழுத்தும் போட்டேன். நோட்டு எப்போதும் அவர் பெட்டியில் பூட்டியிருக்கும், வேறு யார் எழுதுவார்கள்?

"சத்தியமா நான் எழுதல மேடம். ஞாயித்துக்கெழமைக்கு நான் எதுக்கு மெனக்கெடப் போறேன்?" என்றார்.

பொய்யை நிரூபித்தே தீருவது என்று அங்கேயே தங்கிவிட்டேன். ராத்திரி முழுக்க மழை. காலை எட்டரைக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போய் நானே அளந்தேன். இருபது மில்லிமீட்டர் பிடிக்கும் அளவுக் குவளை ஒன்பது தடவை முழுதாக நிறைந்தது, பத்தாவது தடவை ஆறு புள்ளி நாலில் நின்றது. நம்பினால் நம்புங்கள், கூட்டிப் பார்த்தால் அதே 186.4. கூட்டலில்தான் தப்பு என்று முருகையாவை விட்டு இன்னொரு தடவை கூட்டச் சொன்னேன்.

கீழே சரிவில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், பன்னிரண்டு குடும்பங்கள், அதில் ஒன்று முருகையாவுடையது. தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டால், அடுத்த மலையிலிருக்கும் தானியங்கிக் கருவி சாதாரண மழைதான் காட்டுகிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஒற்றை வாட்சர் நோட்டை நம்பி ஆட்களைக் கிளப்பக் கூடாது என்று எழுதிக் கொடுக்கிறவளே நான்தான். ஆனால் ஒரே எண்ணை இரண்டாம் முறை பார்த்தபின் சும்மா நிற்க முடியவில்லை. இருவரும் கதவு கதவாகத் தட்டினோம். ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் கறி, திட்டாதவர்கள் குறைவு.

முருகையா கத்தவில்லை. "உருள்பொட்டல் வந்து மலையே சரிஞ்சா சட்டியும் இருக்காது, அடுப்பும் இருக்காது. ஏறுங்க" என்றார். மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சட்டியோடு ஏறினார்கள்.

மதியம் மலை இறங்கியது. லயத்தில் ஒரு சுவர்தான் மிச்சம். பன்னிரண்டு வீட்டாரும் பள்ளிக்கூட வராந்தாவில் முழுசாக இருந்தார்கள். முருகையாவின் மகள் எனக்கும் ஒரு தட்டில் சோறும் கறியும் வைத்தாள். அதைச் சாப்பிடும்போது அழுதுவிட்டேன், வெட்கமாக இல்லை. எழுதியது யாராக இருந்தாலும் சரி, இன்றைக்கும் காலை எட்டரை ஆனால் மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன். முருகையா இப்போது ஞாயிறும் அளக்கிறார்.

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அவர் நோட்டைத் திறந்து நீட்டினார். "மேடம், இந்த நாலையும் அந்த நாலையும் பாருங்க."

ஒன்று வட்டத்துக்குள் இருந்தது. மற்றது என் கையெழுத்தின் கீழே நான் எழுதிய தேதியில் இருந்தது. இரண்டும் மேலே வாய் திறந்து, வால் இடப்பக்கம் வளைந்து, ஒரே கை எழுதியது போல. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் நான் அந்த நோட்டைத் தொட்டதே இல்லை.