ரெண்டு நிமிசம் சும்மா இருக்கத் தெரியாத சவுண்ட் செட்

சவுண்ட் செட்காரனுக்குச் சத்தம் நிண்டா நெஞ்சும் நிண்டுடும், அதாலதான் நிசாம் பாஞ்சு போய் மைக்கைப் பிடிச்சு "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்!" எண்டு கத்தினான்.

ஹலோ ஹலோ

புளியந்தீவில, போர் நினைவுக் கல்லுக்குக் கிட்ட. நவம்பர் பதினொண்டு, காலை பதினொரு மணி. போர்ல செத்த படைவீரர்களுக்காக எல்லாரும் தலை குனிஞ்சு நிக்கிறாங்க. நடுவில ரெண்டு நிமிசம் மௌனம் இருக்கெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல. காத்தான்குடி நிசாமும் நானும் சேர்ந்துதான் செட் வாடகைக்கு விடுறம். அவன் மைக் செத்துட்டெண்டு நினைச்சிட்டான். மறுகா, லைன் சரியெண்டு காட்ட ஒரு கலியாணப் பாட்டும் போட்டான்!

முன் வரிசையில அந்தோனி அங்கிள். அவர் அம்மாட வயித்துல இருக்கக்குள்ள ரெண்டாம் உலகப் போருக்குப் போன அப்பா, திரும்பி வரவே இல்ல. கல்லுல பேர் மட்டும் இருக்கு. வருசத்துல இந்த ரெண்டு நிமிசந்தான் அப்பனும் மகனும் சந்திக்கிற நேரம். ஏசப்போறார் எண்டு பயந்தன். கிட்ட வந்து சொன்னார்: "மனே, இவ்வளவு வருசமா எழும்பாத அப்பா இண்டைக்கு எழும்பப் பார்த்தாரு."

வெடி நிண்ட நாள்

அண்டைக்கே நெட்ல தோண்டிட்டன், சும்மா விடுவனா! முதலாம் உலகப் போர்ல வெடி நிண்டது பதினோராம் மாசம், பதினோராந் தேதி, பதினொரு மணிக்காம். அதாலதான் அந்த நேரத்துல மௌனம். குண்டு கிளறின மண்ணுல சிவப்புப் பொப்பிப் பூ முளைச்சிச்சாம். அதாலதான் வந்தவங்கட சட்டையிலயெல்லாம் சிவப்புக் கடதாசிப் பூ. பிறகு வந்த போர்ல செத்தவங்களையும் அதே நாளில நினைக்கிறாங்க. எனக்குப் புல்லரிச்சிட்டு. நிசாம் வயரைச் சுத்திக்கிட்டே கேட்டான்: "எங்கட ஊரெண்டா வெடி நிண்ட சந்தோசத்துக்கு ரெண்டு கட்டு வெடி கொளுத்தியிருப்பாங்களேடா!"

குக்கர்

அடுத்த வருசம் பியூகிள் எண்ட ஊதுகொம்பு ஊதுறவருக்குக் காய்ச்சல். ஊதினாத்தானே மௌனம் தொடங்கும்? போன்ல ஒரு ரெக்கோடிங் தேடி எடுத்து, பட்டனை அமத்தினன். "விசில் தொல்லை இல்லாத குக்கர், இண்டைக்கே வாங்குங்கள்!" எண்டு ஒரு பொம்பிளை, நாலு ஸ்பீக்கர் பெட்டியிலயும்! விளம்பரம் முதல்ல வருமெண்டு யார் கண்டா? மறுகா நடந்தது மௌனமே இல்ல, சிரிப்ப அடக்குற போட்டி. அங்கிள் என்ர முதுகுல தட்டினார்: "பரவால்ல மனே, புதுசா என்ன சாமான் வந்திருக்கெண்டு அப்பாவுக்கும் தெரியத்தானே வேணும்."

பாண் ஓட்டோ

பொறுங்க, இப்ப செட் போட்டிருக்கிற கலியாண வீட்டுல மைக் கூவுது... சரி, வந்திட்டன். மாப்பிளை இன்னும் வரல்ல.

இந்த வருசம் அங்கிளைத் தாங்கிப் பிடிச்சுத்தான் கூட்டி வந்தாங்க. "இந்த முறையாவது அந்த ரெண்டு நிமிசத்தை ஒழுங்காத் தாங்கடா" எண்டார். வயரெல்லாம் ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தன். பதினொண்டுக்குக் கொஞ்சம் முன்ன கரண்ட் போயிட்டு! ஜெனரேட்டருக்கு ஓடின நிசாமின்ட கையை அங்கிள் எட்டிப் பிடிச்சார். எல்லாரும் தலை குனிஞ்சம். காக்கா கூடக் கத்தல்ல. அந்த நேரம் பார்த்து மூலையால கிறுகி வருது, வீடு வீடா பேக்கரிச் சாமான் விக்கிற பாண் ஓட்டோ, டிங் டிங் எண்டு பாட்டோட!

நிசாம் நடு ரோட்டுல போய் ரெண்டு கையையும் விரிச்சு நிண்டான். ஓட்டோக்காரர் கல்லைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், பாட்டை நிப்பாட்டிட்டு இறங்கித் தொப்பியைக் கழட்டினார். பாண் வாங்க ஓடி வந்த அக்காவும் கூடையோட அப்பிடியே நிண்டா. ரெண்டு நிமிசம். முழுசா. அங்கிள் கண்ணைத் துடைச்சிட்டு எங்களைக் கூப்பிட்டார்: "இண்டைக்குத்தான்டா மனே உங்கட செட் கிளியரா வேலை செய்தது."

பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போன எங்களுக்கு நல்ல பேர் வாங்கித் தந்தது, கரண்ட் இல்லாத ரெண்டு நிமிசமும் வாய மூடின ஒரு பாண் ஓட்டோவும்தான்.