எல்லோருக்கும் திறந்துவிட்ட ஃபோல்டர்

மூன்றாம் ஆண்டில் எனக்கு ப்ராஜெக்ட் பார்ட்னராக வாய்த்தவள் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. அவள் அம்மா, துபாயிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள அல் ஐனில் நர்ஸ். பத்து வயதில் அம்மாவிடம் வந்து சேர்ந்தவள், ஊர்ப் பேச்சை மட்டும் விடவே இல்லை. நான் துபாயிலேயே வளர்ந்தவள். அப்பாவுக்கு ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை. துபாயில் நாங்கள் படித்த கல்லூரியில் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியக் கூடாததைப் பேச எங்கள் இருவருக்கும் தமிழ் இருந்தது. பெரும்பாலும் பேராசிரியர்களைப் பற்றிய கிண்டல்தான். அப்படித்தான் நெருக்கமானோம்.

அந்தப் பருவத்தில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு பெரிய புரோகிராம் எழுத வேண்டியிருந்தது. சொந்த லேப்டாப்பில் எழுதினால் செல்லாது. துறையின் யூனிக்ஸ் சர்வரில்தான் எழுதி, அங்கேயே ஓட்டிக் காட்ட வேண்டும். வகுப்பில் ஆளுக்கொரு அக்கவுண்ட் கொடுத்திருந்தார்கள். கோப்புகளை என்னுடையதில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆனால் என் ஃபோல்டரை அவளால் திறக்க முடியவில்லை.

யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு உண்டு: சொந்தக்காரர், ஒரு குழு, மற்ற எல்லோரும். யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். முறைப்படி செய்வதென்றால் எங்கள் இருவரை மட்டும் ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். குழுவை உண்டாக்கும் அதிகாரம் லேப் பொறுப்பாளருக்குத்தான். அவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். போய்க் கேட்டோம்.

"மெயில் போடு. ரெண்டு நாள்ல செஞ்சு தர்றேன்" என்றார் இந்தியில்.

அன்று வெள்ளிக்கிழமை, அரை நாள். ஹாஸ்டலில் தங்கியிருந்த அவள், விடுமுறை இரண்டு நாளும் அல் ஐன் வீட்டிலிருந்தே தன் பங்கை எழுதுவதாக ஏற்பாடு. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஃபோல்டரின் அனுமதியை மாற்றும் கட்டளையை அடித்து, பக்கத்தில் 777 என்று போட்டு என்டர் தட்டினேன். யார் வேண்டுமானாலும் வரலாம், படிக்கலாம், திருத்தலாம் என்று அதற்கு அர்த்தம்.

அவள் பையைத் தோளில் மாட்டியபடி குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது சரிதானா? எல்லாருக்கும்லா தொறந்து வுட்டிருக்க."

"நம்ம ஃபோல்டரை யாரு தேடி வரப் போறா? சண்டே ஈவினிங் மூடிடறேன்."

"மறந்துராத."

மறந்துவிட்டேன். அவள் நன்றாக எழுதினாள். எனக்கு இரண்டு நாளாகப் பிடிபடாமல் இருந்த ஒரு தவறை ஞாயிறு மதியம் போனில் பேசிக்கொண்டே கண்டுபிடித்துத் திருத்தினாள். அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனது. குறித்த நாளில் சமர்ப்பித்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியையிடமிருந்து மெயில் வந்தது. இன்னொரு ஜோடியின் புரோகிராமும் எங்களுடையதும் ஒன்றுபோல இருக்கிறதாம். நடுவே நான் எழுதியிருந்த ஒரு குறிப்பில் ஆங்கில எழுத்துப்பிழை ஒன்று. அந்தப் பிழைகூட அப்படியே அங்கே இருக்கிறதாம். மறுநாள் தனித்தனியாக வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்.

அந்த இன்னொரு ஜோடியில் ஒருத்தி அல் ஐன்காரி. வாராவாரம் என் பார்ட்னரோடு ஒரே பஸ்ஸில் போகிறவள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கேன்டீனில் இவள் டீயோடு வந்து உட்காருவதற்குள் கேட்டுவிட்டேன்.

"அவளுக்கு நீ கொடுத்தியா?"

"எத?"

"நடிக்காத. பஸ்ல காட்டியிருப்ப. பாவம்னு கொடுத்திருப்ப. உன்னால இப்ப ரெண்டு பேருக்கும் போச்சு."

அவள் முகம் வெளிறிப்போனது. "சத்தியமா நான் கொடுக்கலட்டி" என்றாள். அதற்குமேல் வாதாடவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். வாதாடாமல் போனதையே நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதலில் அவள் போய் வந்தாள். வெளியே காத்திருந்த என்னைப் பார்க்காமல் நடந்தாள். அடுத்து நான். பேராசிரியை கடுமையாக எதுவும் கேட்கவில்லை. "இது அவர்களிடம் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கிறாய்?" என்றார். நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "நான் யாருக்கும் கொடுக்கவில்லை மேடம். என் பார்ட்னரைப் பற்றி என்னால் சொல்ல முடியாது."

பொய் என்று யாராலும் சொல்ல முடியாத வாக்கியம். அதைச் சொன்னபோது, சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாகக்கூட நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். பாயும் அங்கே இருந்தார். அந்த ஜோடி சர்வரில் அடித்த கட்டளைகளின் பட்டியலை அச்செடுத்து வைத்திருந்தார். வகுப்பில் உள்ளவர்களின் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். திறந்து கிடந்தது என்னுடையது மட்டும். அங்கிருந்து மொத்தமாக நகல் எடுத்திருந்தார்கள். கேட்டதும் ஒப்புக்கொண்டும்விட்டார்களாம்.

"ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே, பேட்டி" என்றார் பாய் என்னிடம். அவருக்கு எல்லா மாணவிகளும் பேட்டிதான், மகள். அந்த வார்த்தையில் இருந்த பிரியம்தான் அதிகம் வலித்தது.

பேராசிரியை என் பார்ட்னரைக் காட்டினார். "இவள் அன்றைக்கே சொன்னாள். ஃபோல்டரைத் திறந்தது இருவருக்கும் தெரிந்துதான், தப்பு இருவருடையதும்தான், என் பார்ட்னர் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டாள் என்றாள்." நான் சொன்னதை அவர் சொல்லவில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பிக்கொண்டார். அந்த ஜோடிக்கு அந்தப் பாடம் போயிற்று. கவனக்குறைவுக்காக எங்கள் இருவருக்கும் பாதி மதிப்பெண்.

அந்த வெள்ளிக்கிழமை அவளோடு பஸ் நிலையம்வரை போனேன். அல் ஐன் பஸ்ஸுக்கு வரிசை நீளமாக இருந்தது. கேன்டீனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"விடு. பயத்துல பேசுன. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறைப்பது நெஞ்சை அறுத்தது. பேராசிரியையிடம் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

வரிசை நகர்ந்தது.

"கேன்டீன்ல பயத்துல சொல்லுதன்னு நெனச்சேன்," என்றாள் பிறகு. "மேடம்கிட்டயுமா?"

அவள் பஸ் கார்டைத் தட்டி ஏறி, நான் நிற்காத பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

நாங்கள் பகையாகிவிடவில்லை. வகுப்பில் நோட்ஸ் கேட்டால் கொடுப்பாள், பார்த்தால் சிரிப்பாள். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வேறொருத்தியோடு சேர்ந்துகொண்டாள். அதை என்னிடம் வந்து சொல்லவும் செய்தாள். அவள் அப்படி மரியாதையாக நடந்துகொண்டது எனக்குத் தாங்கவில்லை.

அன்று வரிசையில் நின்று உண்மையைச் சொன்னது யாருக்காக என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. சொன்னதும் என் பாரம் இறங்கியது உண்மை. அவள் அதுவரை சுமக்காத ஒன்றை அவள்மேல் ஏற்றினேன் என்பதும் உண்மை. சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை இன்றும் நண்பர்களாக இருந்திருப்போம்; அவளுக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு நான் மட்டும். அது மேல் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

இப்போது அவள் மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாளாம். வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள்.