இலைக் கூடத்தில் ஏசல் பாட்டு

விண்ணப்பத்தில் "வாராந்திர பஜனை" என்று எழுதியது நான்தான். ஓசூர்ப் பட்டுப்புழு வளர்ப்பு நிலையத்தில் தாய்ப்பூச்சிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நோய் இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. உள்ளதை உள்ளபடி எழுதப் பயிற்சி பெற்றவள். ஆனால் "ஏற்றப் பாட்டு, கும்மி, சம்பந்தி ஏசல்" என்று எழுதியிருந்தால் மல்பெரி இலை கொட்டும் கூடத்தின் சாவியை மேலாளர் தந்திருக்கமாட்டார்.

நாங்கள் ஐந்து பேர். ஆர்மோனியத்துக்குப் பள்ளி ஆசிரியர், டோலக்குக்குத் தபால்காரர், தாளத்துக்கு ஒரு கன்னடக்கார ராகி விவசாயி, பாடுவதற்குத் தெலுங்குக்கார மருத்துவச்சியும் நானும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. யார் எந்தப் பாட்டைக் கொண்டுவந்தாலும் மற்றவர்கள் மறுக்கக் கூடாது. நான் பட்டியலில் ஏற்றுவேன்: எண், மொழி, தாளம், சிரிக்காமல் பாடி முடித்தோமா. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் "இல்லை".

அந்த ஞாயிறு மேலாளர் மனைவியோடு வந்து நின்றார். கையில் தேங்காய், பழம், கற்பூரத் தட்டு.

"சாமி படம் எங்கம்மா?"

"கொண்டு வர்றவர் இன்னும் வரலைங்க சார்."

இது இரண்டாவது பொய். பிடிபட்டால் சாவி போகும். என் கையெழுத்தை நம்பித்தான் விவசாயிகளுக்குப் பட்டுப்புழு முட்டை போகிறது. அந்த நம்பிக்கையும் போகும். பட்டியலைப் புரட்டினேன். பக்திப் பாட்டு ஒன்றுகூட இல்லை.

தபால்காரர் எங்கள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "மாப்பிள்ளைன்னு வர்ற எடத்துல ராமன்னு போட்டுக்கலாம்."

"அது சம்பந்தியக் கேலி பண்ற ஏசல்யா," என்றார் ஆசிரியர்.

"மெதுவா பாடுனா எல்லாம் பஜனைதான் வாத்தியாரே."

மேலாளர் தட்டை மடியில் வைத்து மனைவியோடு உட்கார்ந்ததும் மெதுவாகத் தொடங்கினோம். ஏழு பந்தியிலும் உட்கார்ந்து எழாத ராமனின் அம்மாவைப் பாடியபோது மேலாளர் கண்மூடிக் கைகூப்பினார். பந்தியில் போட்ட ஒப்பட்டுப் போளியை மடியில் கட்டிய ராமனின் அக்கா வந்ததும் விவசாயிக்குச் சிரிப்பு முட்டியது. அதை அடக்கப் போய்த் தாளம் இரட்டை வேகத்தில் ஓடியது. டோலக் அதைத் துரத்தியது.

மேலாளர் கண் திறந்தார். "ராமருக்கு அக்கா உண்டா?"

"சில ராமாயணத்துல உண்டுங்க சார்," என்றார் ஆசிரியர், ஆர்மோனியத்தை விடாமல்.

மேலாளரின் மனைவி அதுவரை முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பதில் பாட்டு எடுத்தார். பெண் வீட்டு மோரில் தென்பெண்ணை ஆறே ஓடுகிறதாம், பந்தியில் உட்கார்ந்தவர்கள் நீச்சலடிக்கிறார்களாம். காவேரிப்பட்டினத்துக் கல்யாணங்களில் பாடிப் பழகிய குரல். மருத்துவச்சி விடவில்லை, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதாகப் பாடினார்.

"இது பஜனை இல்லையா?" மேலாளர் தன் மனைவியைக் கேட்டார்.

"சும்மா இருங்க. பதில் பாடாம எழுந்தா நாம தோத்த மாதிரி."

மேலாளர் என்னைப் பார்த்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்திருந்தது.

"இல்லைங்க சார். பொய் எழுதிட்டேன்."

"பூச்சி ரிப்போர்ட்டுல?"

"அதுல ஒரு நாளும் எழுதினதில்லைங்க."

அவர் மடியிலிருந்த கற்பூரத் தட்டைப் பார்த்தார்.

"நாளைக்கு வேற விண்ணப்பம் கொடு. உள்ளத எழுது. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

மருத்துவச்சி அடுத்த அடிக்குத் தொண்டையைச் செருமினார். மேலாளர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"பொண்ணு வீட்டு அப்பளம்னு ஆரம்பி," என்றார் மெல்ல.